ஃபிளாஷரை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்புக் குழாய்ச் சட்டகத்தின் மேல் ஃபைபர் பாடி பொருத்தி, பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்த ஒயரிங்கையும் ஸ்டீயரிங் தண்டு ஸ்விட்சையும் வைத்து நீங்களே கட்டிய இரண்டு இருக்கை கார் அது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் படபடவென்று வேகமாகத் துடிக்கிறது. வலதுபுறம் துடிக்கும் வேகம் சரியாக இருக்கிறது. ஆனால் இரவில் விளக்குகளைப் போட்டபின் வலது பின் இண்டிகேட்டர் மங்கிவிடுகிறது, அது எரியும்போதெல்லாம் பக்கத்து டெயில் விளக்கு தணிகிறது, பிரேக்கை மிதித்தால் இரண்டுமே கண்ணுக்குத் தெரிவது அரிதாகிறது. நான்கையும் ஒன்றாக எரியவிடும் ஹசார்டு ஸ்விட்ச் பகலில் ஒழுங்காக வேலை செய்கிறது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃபிளாஷரை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை என்பதால், எல்லா பல்புகளையும் எல்இடியாக்கிவிட்டால் தீருமா என்று கேட்கிறீர்கள். இவற்றோடு தொடர்பில்லாத விஷயம் என்று எண்ணி, முன்பக்க இடது பார்க்கிங் விளக்கு வலதைவிடப் பிரகாசமாக எரிவதாகவும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் பாதி விடை இருக்கிறது. உங்கள் காரில் இருப்பது ஒரு கோளாறல்ல, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் என்பது என் கணிப்பு. இடதுபுறம் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன; வலதுபுறம் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை, சரியில்லை. ஃபிளாஷர் இரண்டிலும் குற்றமற்றது.

ஃபிளாஷரை ஏன் இவ்வளவு உறுதியாக விலக்குகிறேன் என்றால், பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டருக்கும் ஹசார்டுக்கும் ஒரே ஃபிளாஷர்தான். ஹசார்டு போட்டால் நான்கும் சீரான வேகத்தில் துடிக்கின்றன என்றால், ஃபிளாஷரும் அதிலிருந்து நான்கு பல்புகளுக்கும் போகும் பாதைகளும் அடிப்படையில் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் இரண்டுக்கும் தனித்தனி ஃபிளாஷர் உண்டு. உங்கள் ஒயரிங் அப்படிப்பட்ட காரிலிருந்து வந்ததல்ல என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இண்டிகேட்டர் கோளாறு எதுவானாலும் நான் முதலில் அழுத்திப் பார்ப்பது ஹசார்டு ஸ்விட்சைத்தான். ஒரு கருவியும் இல்லாமல், தேட வேண்டிய இடத்தை அது பாதியாகக் குறைத்துவிடுகிறது.

இடதுபுறத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான இண்டிகேட்டர் பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 3.5 ஆம்பியர். இப்போதுள்ள எலக்ட்ரானிக் ஃபிளாஷர் இந்த மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருக்கும். ஒரு பல்பு அணைந்து மின்னோட்டம் பாதியாகிவிட்டால், ஓட்டுநருக்குத் தெரிவிப்பதற்காகவே தன் வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். ஆகவே வேகமான துடிப்பு ஃபிளாஷரின் நோயல்ல, "இந்தப் பக்கம் மின்னோட்டம் குறைகிறது" என்று அது சொல்லும் சேதி. பழைய வெப்ப ஃபிளாஷரில் நிலைமை நேர்மாறானது. அதற்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை பல்புகளின் மின்னோட்டத்தால் சூடேறித்தான் வளைய வேண்டும் என்பதால், ஒரு பல்பு போனால் துடிப்பு மந்தமாகும் அல்லது நின்றே போகும். உங்களுடையது வேகமெடுக்கிறது என்பதிலிருந்தே அது எலக்ட்ரானிக் வகை என்று தெரிகிறது.

ஆனால் உங்கள் இடது பல்புகள் இரண்டும் எரிகின்றனவே, பிறகு மின்னோட்டம் எப்படிக் குறையும்? இங்கேதான் பார்க்கிங் விளக்கு சாட்சிக்கு வருகிறது. முன் விளக்குக் கூட்டில் இருப்பது 21 வாட் இழையும் 5 வாட் இழையும் ஒரே கண்ணாடிக்குள் அமைந்த இரட்டை இழை பல்பாக இருக்க வேண்டும். பெரிய இழை இண்டிகேட்டருக்கு, சிறிய இழை பார்க்கிங்குக்கு. ஹோல்டரின் பின்னால் வரும் இரண்டு ஒயர்கள் மாறிப்போனால் 5 வாட் இழை துடிக்கும், 21 வாட் இழை பார்க்கிங் விளக்காக நின்று எரியும். இடது பார்க்கிங் விளக்கு அதிகப் பிரகாசமாக இருப்பதன் காரணம் இதுவே. துடிக்கும் பக்கத்தின் மொத்தச் சுமை 42 வாட்டிலிருந்து 26 வாட்டாக, அதாவது சுமார் 2.2 ஆம்பியராகக் குறைகிறது. ஒரு பல்பு போய்விட்டது என்று ஃபிளாஷர் முடிவு செய்கிறது. ஹசார்டில் நான்கு பல்புகளும் சேர்வதால் இந்தக் குறைவு பொருட்படுத்தத் தக்கதாக இல்லாமல் அடிபட்டுப் போகிறது. அந்த 5 வாட் துடிப்பை எதிரே வருபவர் நல்ல வெயிலில் பார்க்கவே மாட்டார் என்பதால், இதைச் சரிசெய்யும் வரை காரைச் சாலைக்குக் கொண்டு போக வேண்டாம்.

சோதிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பார்க்கிங் விளக்குகளை மட்டும் போட்டுவிட்டு இரண்டு முன் பல்புகளையும் கழற்றுங்கள். மின்சாரம் வந்தால் எரியும் டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் முனையால் ஹோல்டரின் அடியிலுள்ள இரண்டு பித்தளைப் புள்ளிகளையும் தொட்டுப் பாருங்கள். வலது ஹோல்டரில் எந்தப் புள்ளியில் மின்சாரம் வருகிறதோ, இடது ஹோல்டரிலும் அதே புள்ளியில் வர வேண்டும். மாறி வந்தால் கனெக்டரில் அந்த இரண்டு ஒயர்களையும் மாற்றிச் செருகுங்கள். இப்படி மாறுவது வீட்டில் கட்டும் கார்களில் மிகச் சாதாரணம். விளக்கு ஒரு காரிலிருந்தும் ஒயரிங் வேறொரு காரிலிருந்தும் வரும்போது நிறங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. பிரிட்டிஷ் மரபில் இடது இண்டிகேட்டர் பச்சையில் சிவப்புக் கோடு, வலது பச்சையில் வெள்ளைக் கோடு. ஜெர்மன் மரபில் இடது கறுப்பு வெள்ளை, வலது கறுப்பு பச்சை. நிறத்தை மட்டும் நம்பி இணைத்தவர் எவரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார். பல்பையும் கையோடு பாருங்கள்: இரட்டை இழை பல்பின் பக்கவாட்டு ஊசிகள் ஏற்றத்தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதே தவறாக நுழையாமல் இருப்பதற்குத்தான், ஆனாலும் தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருகினால் அது தலைமாறி உட்கார்ந்துவிடும். 21 வாட் இழை பார்க்கிங்கில் மணிக்கணக்கில் எரிந்திருந்தால் அதன் வெப்பத்தில் பிளாஸ்டிக் மூடி உருகத் தொடங்கியிருக்கவும் கூடும்.

இனி வலதுபுறம். தொழிற்சாலையில் செய்த காரில் தகட்டு உடல் முழுவதுமே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. விளக்கைத் திருகி மாட்டினாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபர் உடலுக்கு அந்த வசதி அறவே இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயர் தனியாக இழுக்கப்பட வேண்டும். அது போய்ச் சேரும் சட்டகமும் பவுடர் கோட்டிங் பூசியதாக இருந்தால், அந்தப் பூச்சு நல்ல மின்காப்பு என்பதை மறக்கக் கூடாது. வீட்டில் கட்டிய கார்களின் விளக்குக் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை கடைசியில் எர்த்தில் போய் முடிந்தவை. பல்புக்கு வரும் ஒயரைப் பத்து முறை சோதிப்பவர்கள்கூட, பல்பிலிருந்து திரும்பும் ஒயரை ஒருமுறை தொட்டுப் பார்ப்பதில்லை.

பின் விளக்குக் கூட்டில் இண்டிகேட்டர், பிரேக், டெயில் மூன்றும் ஒரே எர்த் ஒயரைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஒயரின் ஏதோ ஒரு இணைப்பில் ஒரு ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகலில் இண்டிகேட்டர் மட்டும் எரியும்போது அந்த இணைப்பில் சுமார் ஒன்றரை வோல்ட் வீணாகும். கண் அதைப் பெரிதாக உணராது. இரவில் டெயிலும் சேர்ந்து, பிரேக்கையும் மிதித்தால் மூன்றின் மின்னோட்டமும் அதே இணைப்பின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வீணாகும் அளவு மூன்று வோல்ட்டை நெருங்கும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறத்தாழ அதன் 3.4 அடுக்கின்படி சரிகிறது. வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். கால் பங்கு குறைந்தால் எஞ்சுவது நாற்பது சதவீதம்கூட இல்லை. நீங்கள் காணும் மங்கலுக்கு அதுவே கணக்கு.

டெயில் விளக்கு எதிர்த் தாளம் போடுவதும் இதே காரணத்தால்தான். இண்டிகேட்டர் எரியும் கணத்தில் அதன் மின்னோட்டம் அந்தப் பழுதான இணைப்பில் முட்டி, பல்பின் உலோக உறையின் வோல்ட்டேஜை மேலே தூக்கிவிடுகிறது. பக்கத்தில் அதே உறையை எர்த்தாக நம்பியிருக்கும் டெயில் இழைக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் அந்த அளவு குறைகிறது. இண்டிகேட்டர் அணைந்ததும் உறை இறங்கி, டெயில் மீண்டும் பளிச்சென்று எரிகிறது. ஒரே கூட்டிலுள்ள இரண்டு விளக்குகள் இப்படி ஏற்றமும் இறக்கமுமாகப் பேசிக்கொண்டால், வேறெதையும் கழற்றாமல் நேரே எர்த்துக்குப் போகலாம்.

இதை அளந்து உறுதி செய்ய ஒரு சிரமம் உண்டு: துடிக்கும் விளக்கில் மல்டிமீட்டரின் எண் நிலைத்து நிற்காது. அதனால் ஃபிளாஷரைக் கழற்றி, அதன் ஸாக்கெட்டில் உள்ளே வரும் முனையையும் வெளியே போகும் முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். அந்த ஒயரின் நடுவே 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். ஐரோப்பிய எண் முறையில் அவை 49, 49ஏ. மற்றவற்றில் பி, எல். மூன்றாவது முனை இருந்தால், 31 அல்லது ஈ என்று குறிக்கப்பட்டிருக்கும், அது எர்த். அதை இதில் சேர்த்துவிடாதீர்கள். இப்போது சாவியைத் திருப்பி வலது இண்டிகேட்டரைப் போட்டால் இரண்டு பல்புகளும் துடிக்காமல் நின்று எரியும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள்; அதன் மேலுள்ள கிளாம்பில் அல்ல, ஏனெனில் கிளாம்பே களிம்பேறியிருக்கலாம். சிவப்பு முனையால் எரியும் பல்பின் உலோக உறையைத் தொடுங்கள். நல்ல எர்த் என்றால் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். பிறகு டெயிலைப் போடுங்கள், வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். எண் இரண்டு, மூன்று என்று ஏறினால் சந்தேகம் தீர்ந்தது. அதே நிலையில் சிவப்பு முனையை எர்த் ஒயரின் வழியே பின்தொடர்ந்து, ஒயர் முனையின் வளைய லக், அதற்கு அடியில் சுரண்டிய சட்டகம், சட்டகத்திலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த கேபிளின் லக் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வாருங்கள். எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே எண் சட்டென்று விழுகிறதோ, பழுது அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மல்டிமீட்டர் இல்லையென்றால், பேட்டரி மைனஸிலிருந்து ஒரு நீளமான ஒயரை இழுத்து வந்து பல்பின் உறையில் தொட்டுப் பாருங்கள். மங்கியிருந்த விளக்கு தொட்ட கணமே பளிச்சிட்டால் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

விளக்கு எரியும்போதுதான் அளக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மல்டிமீட்டர் தனக்கென்று இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சொற்பம். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால், பத்து இழைகளில் ஒன்பது அறுந்த ஒயர்கூட முழு 12 வோல்ட்டைக் காட்டும். சுமை ஏறும்போதுதான் அதன் பலவீனம் வெளிப்படும்.

நான் கட்டிய முதல் காரில் இதே கோளாறு இரண்டு வாரம் என்னை அலைக்கழித்தது. பின்பக்க எர்த் ஒயர்கள் நான்கையும் ஆறு மில்லிமீட்டர் போல்ட் ஒன்றில் கோர்த்து, பல் வாஷர் போட்டு, இறுக்கமாகவே முடுக்கியிருந்தேன். உறையில் அளந்தபோது 2.6 வோல்ட். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், பல் வாஷர் லக்கின் மேல் பக்கத்தை நன்றாகக் கடித்திருந்தது. லக்குக்கு அடியிலோ கறுப்புப் பவுடர் கோட்டிங் வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. அத்தனை மாதமும் மின்சாரம் போல்ட்டின் மரை வழியாக மட்டுமே சட்டகத்துக்குப் போயிருக்கிறது. மழைக்காலம் வந்து மரையில் துரு ஏறியதும் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. நாணய அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து இரும்பின் வெள்ளை தெரியச் செய்து, வாஷரை லக்குக்கும் சட்டகத்துக்கும் இடையில் வைத்து முடுக்கியதும் அதே மீட்டரில் 0.05 வோல்ட். அந்த எண்ணைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதி இன்றும் நினைவிருக்கிறது.

நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள், ஆனால் ஒருபடி கூடுதலாக. ஒவ்வொரு விளக்குக் கூட்டிலிருந்தும் 1.5 அல்லது 2 சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தனியாக இழுத்து, பின்பக்கத்தில் ஒரே ஒரு எர்த் போல்ட்டில் சேருங்கள்; அந்த போல்ட்டிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு தடித்த ஒயர் நேராகப் போகட்டும். சட்டகத்தை நம்ப வேண்டிய அவசியமே அப்போது இல்லை. முடுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசினால் ஈரம் நுழையாது. ஒயரை வெட்டாமல் அழுத்திக் கிளை பிரிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் பழைய ஒயரிங்கில் இருந்தால் அத்தனையையும் எடுத்துவிடுங்கள். அதற்குள் ஒரு மெல்லிய தகடு ஒயரின் உறையைக் கிழித்துத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அந்தக் கிழிசல் வழியே ஈரம் இறங்கி உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். ஒயரின் பருமனைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் ஓடினால் அதன் மின்தடை 0.09 ஓம் அளவே. 21 வாட் பல்புக்கு அதில் வீணாவது ஏறத்தாழ 0.16 வோல்ட். பழுது எப்போதும் முனைகளில்தான் இருக்கும்.

இப்போது எல்இடி. இரண்டு கோளாறுகளையும் தீர்க்காமல் எல்இடி போட்டால் இடது முன் விளக்கு மங்கலாகவே துடிக்கும், ஏனெனில் ஒயர்கள் மாறியது மாறியதுதான். வலதுபுறம் எல்இடி மிகக் குறைந்த மின்னோட்டத்தை இழுப்பதால் எர்த் பழுது சில காலம் மறைந்திருக்கும், பிறகு ஒரு மழை நாளில் திரும்ப வரும். சரிசெய்த பிறகு மாற்றுவதென்றால் தாராளமாக மாற்றுங்கள், இரண்டு விஷயங்களைக் கவனித்துக்கொண்டு.

ஒன்று, சுமையை அளக்கும் ஃபிளாஷர் எல்இடியைக் கண்டால் எல்லா பல்பும் போய்விட்டதாக எண்ணி இருபுறமும் வேகமெடுக்கும். இதற்கு, ஃபிளாஷர் பழைய சுமையையே காணும்படி, 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு எல்இடிக்கும் பக்க இணைப்பாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் ஓடும்போதுள்ள 13.8 வோல்ட்டில் ஒவ்வொன்றும் எரியும் கணத்தில் 32 வாட் வெப்பத்தைக் கக்கும். தொட்டால் கை சுடும். ஃபைபர் உடலில் அதைத் திருகி வைப்பது ஆபத்து. சுமையைப் பொருட்படுத்தாத எல்இடி ஃபிளாஷரே சரியான வழி. அதற்கு எர்த் முனை அவசியம், பிளஸ் மைனஸும் மாறக் கூடாது.

இரண்டாவது, டாஷ்போர்டில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், பழைய ஒயரிங்கில் அது இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே மாட்டப்பட்டிருக்கும். இடது துடிக்கும்போது அந்தச் சிறு விளக்கின் மின்னோட்டம் வலதுபுறத்துக் குளிர்ந்த இழைகள் வழியாக எர்த்துக்குப் போகும். 21 வாட் இழைகளை எரியவைக்க அது போதாது என்பதால் யாருக்கும் தெரியாது. எல்இடி எரிய அந்தச் சொற்ப மின்னோட்டமே போதும். விளைவு, எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் துடிக்கும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டை எடுத்து, ஒன்றை இடது ஒயரிலிருந்தும் மற்றொன்றை வலது ஒயரிலிருந்தும், வெள்ளைக் கோடுள்ள முனை விளக்கை நோக்கி இருக்குமாறு இணைத்து, விளக்கின் மறுமுனையை எர்த்தில் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

உங்களுக்கு இப்போது இல்லாத, ஆனால் இதே ஒயரிங்கில் நாளை வரக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹசார்டு எரிந்து இண்டிகேட்டர் இரு பக்கமும் செத்துப்போனால், முதலில் பார்க்க வேண்டியது சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸ், அடுத்து ஹசார்டு ஸ்விட்ச். பல கார்களில் இண்டிகேட்டருக்குப் போகும் மின்சாரமே ஹசார்டு ஸ்விட்சின் ஓய்வு நிலைத் தொடுமுனை வழியாகத்தான் போகிறது. வருடக் கணக்கில் அசையாமல் கிடக்கும் அந்த முனையில் களிம்பு படியும். ஸ்விட்சை இருபது முறை அழுத்தி விட்டாலே பலசமயம் உயிர் வந்துவிடும். ஃபியூஸ் 10 ஆம்பியர் போதும். நான்கு 21 வாட் பல்புகளும் இரண்டு 5 வாட் பக்க விளக்குகளும் சேர்ந்தால்கூட 8 ஆம்பியரை எட்டாது. அது அடிக்கடி போகிறதென்று பெரியதாக மாற்றினால், அடுத்து எரிவது ஒயராக இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் இருட்டிய பிறகு காரைச் சுவரோரம் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்கு, டெயில், பிரேக் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக இண்டிகேட்டரைச் சோதியுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் துடிப்பது நல்ல வேகம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள். சுவரில் விழும் இடது வெளிச்சமும் வலது வெளிச்சமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், பிரேக்கை மிதிக்கும்போதும் விடும்போதும் அது அசையக் கூடாது.